இரண்டு பேருக்கும் ஒரே பை

தொலைந்துபோனது நாலே நாலு வருஷம்தான். அறுபத்திரண்டு வயதுக்காரிக்கு நாலு வருஷம் போனால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று தோன்றலாம். பெனிட்டாவின் அண்ணன் வாழ்க்கையிலிருந்து யாராவது ஒரு பத்து வருஷத்தை உருவிக்கொண்டு போனால் குடும்பமே கூடி நின்று நன்றி சொல்லும். ஆனால் நஸ்ரினுக்கு நினைவிலிருந்து போனது இருபது வயதிலிருந்து இருபத்துநாலு வரை. எதைத் தொலைத்தாலும் அந்த நாலைத் தொலைக்கக் கூடாது என்றுதான் பெனிட்டாவுக்குப் பட்டது.

செய்தியைச் சொன்னவள் நஸ்ரினின் மகள் ஃபஹீமா. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருச்சி பொன்மலையில், பெனிட்டா துணியை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது காதுக்குள் அழைப்பு வந்தது.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பக்கவாதம். இப்ப பரவால்ல, நடக்குறாங்க. கும்பகோணத்துல நினைவு நிரப்புற ஆஸ்பத்திரியில இருக்கோம். உங்களைப் பாக்கணும்ங்கிறாங்க."

"என்னையா?"

"உங்களைத்தான். காலையில எந்திரிச்சா பெனிட்டா, சாப்பிட உக்காந்தா பெனிட்டா. என் உயிர்த்தோழிங்கிறாங்க. இத்தனை வருஷத்துல உங்க பேரை ஒருதரம்கூட அவங்க சொல்லி நான் கேட்டதில்ல. அதான் எனக்கே ஆச்சரியமா இருக்கு."

பெனிட்டாவுக்கு ஆச்சரியமில்லை, பயம்தான். நாற்பது வருஷமாக நஸ்ரின் அவளோடு பேசவில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. கையிலிருந்த ஈரப் புடவையைக் கொடியில் போடாமல் மறுபடி வாளியிலேயே போட்டுவிட்டு, அடுத்த பேருந்தில் கும்பகோணம் கிளம்பினாள்.

டாக்டர் எழில் முப்பது வயதுப் பெண். பெரிய விஷயத்தையும் காய்கறி விலை சொல்வது மாதிரி சொல்லிவிடுகிற ரகம்.

"அவங்க மூளையில அந்த நாலு வருஷத்துக்குப் போற வழி அடைஞ்சு போச்சு மேடம். அந்தக் காலத்து போட்டோ, மெசேஜ், வீடியோ எது கிடைக்குதோ எல்லாத்தையும் மெஷினுக்குக் குடுத்தா, அது ஒரு நினைவைத் தச்சுக் குடுக்கும். அதைக் காலி இடத்துல வைக்கிறோம். வச்சுட்டோம். நல்லாவே ஒட்டியிருக்கு."

"அப்புறம் நான் எதுக்கு?"

"சாட்சிக்கு. அந்த வருஷங்கள்ல கூட இருந்த ஒருத்தர் வந்து, கேட்டுப் பாத்து, ஆமா இது நடந்ததுதான்னு கையெழுத்துப் போடணும். அப்பதான் முத்திரை வைப்போம். வச்சுட்டா யாராலயும் எடுக்க முடியாது." எழில் குரலைத் தாழ்த்தினாள். "முன்னாடி இந்தச் சட்டம் இல்ல. ஒரு பெரியவருக்கு, அவர் எழுதிக் குடுக்காத வீட்டை எழுதிக் குடுத்ததா நினைவு வச்சுட்டாங்க. வச்சது பெத்த பிள்ளைங்க. அவரும் கோர்ட்டுல நின்னு, நானாத்தான் சந்தோஷமாக் குடுத்தேன்னு சொன்னார். அவர் பொய் சொல்லல மேடம். அவருக்கு அப்படித்தான் ஞாபகம்."

நஸ்ரின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை, இடது கை மடியில் சும்மா கிடந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது. பெனிட்டாவைப் பார்த்ததும் அந்த இடைவெளி முழுதாகத் தெரிகிற மாதிரி சிரித்தாள்.

"ஏன்டி, ஒரு போன் பண்ண உனக்கு நாப்பது வருஷமா?"

இப்படி ஒரு வரவேற்பு கிடைக்கும் என்று பெனிட்டா கனவில்கூட நினைத்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்து அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

நஸ்ரின் பேசினாள், பேசினாள், நிறுத்தாமல் பேசினாள். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புக் கடையை ஒட்டிய கட்டடத்தில் இரண்டு பேரும் படித்த கம்ப்யூட்டர் சென்டர். கீழே ஜெராக்ஸ் கடை. "படிக்கட்டுல ஒரு பூனை இருக்குமே, வடை குடுக்காம மேல விடாதே, ஞாபகம் இருக்கா? ஜெராக்ஸ் கடையிலேர்ந்து வடக்கே போனா படிக்கட்டு. படிக்கட்டுலேர்ந்து மேல போனா லேப். லேபுக்கு மேற்கே பாத்ரூம். நம்ம பிச்சைமுத்து சார் பாவம், எப்பப் பாத்தாலும் பாத்ரூம்லயே இருப்பார். சர்க்கரைன்னு நினைக்கிறேன்."

பெனிட்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கட்டடத்தில் பூனை இருந்ததே இல்லை. பிச்சைமுத்து சாருக்குச் சர்க்கரையும் கிடையாது. அவரைப் பாத்ரூமில் அடைத்துப் போட்டது இவர்கள் இரண்டு பேர்தான்.

"ஒருநாள் நான் கொடையை எடுத்தேன், பாத்தா உன் பையிலயும் கொடை. நீ பன்னு வாங்கினே, என் பையிலயும் பன்னு. அப்படி ஒரு ஒத்துமை நமக்கு. கடைசியில மூணாவது மாடி ஆபீஸ் ரூம்ல வேலைக் கடிதத்தை நீ எடுத்தே. அதே நேரம் என் கையிலயும் கடிதம். ரெண்டு பேரும் ஒண்ணாவே கிளம்பி பெங்களூர் போனோம்." சொல்லிவிட்டு நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் வாழ்க்கையில நான் பட்ட பெரிய சந்தோஷம் அதுதான்டி."

டாக்டர் அறைக்குத் திரும்பியதும் பெனிட்டா கேட்டாள். "இதையெல்லாம் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"அதான் கஷ்டமாப் போச்சு. அந்த நாலு வருஷத்துல அவங்க பேர்ல போட்டோவும் இல்ல, மெசேஜும் இல்ல. அவங்களே உக்காந்து ஒண்ணுவிடாம அழிச்சிருக்காங்க, ஏன்னு தெரியல. பழைய மெயில்ல ஒரே ஒரு ஃபைல் மிச்சம் இருந்துது. நாட்குறிப்பு மாதிரி இருந்துது. இடம், ஆள், யார் என்ன வச்சிருக்காங்க, எல்லாம் சுத்தமா எழுதி வச்சிருக்காங்க. தலைப்புல உங்க ரெண்டு பேர் பேரும் இருக்கு."

எழில் திரையைத் திருப்பினாள். பெனிட்டா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முதல் வரியில் இரண்டு பெயர்கள். அதற்குக் கீழே தமிழிலேயே எழுதிய பைத்தான் நிரல். அறை ஒரு கிளாஸ், பொருள் ஒரு கிளாஸ், மனிதர் ஒரு கிளாஸ். இந்த வரியை அடித்தபோது நஸ்ரின் வாயில் பிஸ்கட் இருந்தது, அந்த வரிக்குக் கரண்டு போய் இரண்டு தரம் அடிக்க வேண்டியதாயிற்று என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பெனிட்டாவுக்கு யாரும் எதையும் நிரப்பித் தரத் தேவையிருக்கவில்லை.

"இது நாட்குறிப்பு இல்ல டாக்டர். விளையாட்டு."

"விளையாட்டா?"

"படமே இருக்காது. எழுத்து மட்டும்தான். 'நீங்கள் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறீர்கள்'னு வரும். 'வடக்கே போ'ன்னு அடிச்சா படிக்கட்டு வரும். 'எடு குடை'ன்னா குடை பைக்கு வரும். ஆப்ஜெக்ட் வச்சு எழுதப் பழகறதுக்காக சார் குடுத்த வேலை. காடு, குகை, பூதம்னு மத்தவங்க எழுதினாங்க. நாங்க சோம்பேறிங்க. இருந்த கட்டடத்தையே எழுதிட்டோம்."

"அப்ப சார் பாத்ரூம்ல இருக்கிறது?"

"கிண்டலுக்கு வச்சோம். பாத்ரூமுக்கு வெளியே வர வழி எழுத மறந்துட்டோம். மனுஷன் உள்ளயே மாட்டிக்கிட்டார். அவர் முன்னாடியே ஓட்டிக் காட்டினோம், சிரிச்சுக்கிட்டு ரெண்டு மார்க் குறைச்சார்."

எழிலுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு தன் வேலை ஞாபகம் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தப் பை விஷயம்?"

"அது தப்பு. புதுசா எழுதறவங்க எல்லாரும் பண்ற தப்பு." பெனிட்டா மேஜைமேல் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். "கிளாஸ்ங்கிறது வெத்து ஃபார்ம். ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தா, அவங்கவங்க ஃபார்மை அவங்கவங்க நிரப்பிக்கணும். பேர், இருக்கிற இடம், பையில என்ன இருக்கு. நாங்க பையை மட்டும் ஃபார்ம்ல எழுதாம, சுவத்துல நோட்டீஸ் போர்டுல எழுதின மாதிரி எழுதிட்டோம். அதனால எத்தனை பேர் இருந்தாலும் பை ஒண்ணுதான். அவ எடுத்தா எனக்கும் வரும், நான் எடுத்தா அவளுக்கும் வரும். ஒரு வரியை இடம் மாத்தினா சரியாயிடும். நான் மாத்தப் போனேன். நஸ்ரின்தான் கையைப் பிடிச்சா. இருக்கட்டும்டி, உனக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரிதானேன்னா."

"அந்த வேலைக் கடிதம்..."

"கடிதம் எனக்கு மட்டும்தான் வந்துச்சு டாக்டர்."

எழில் பேனாவைக் கீழே வைத்தாள். இனி மூன்று வழிகள் என்றாள். கையெழுத்துப் போட்டால் விளையாட்டே நஸ்ரினின் வாழ்க்கையாகிவிடும். மறுத்தால் எடுத்துவிடுவார்கள், நாலு வருஷம் காலியாகவே கிடக்கும். மூன்றாவதாக, சாட்சியே வாய்விட்டுச் சொல்லலாம். நடந்ததை நடந்தபடி பெனிட்டா சொன்னால், அதை வைத்துப் புதிதாகத் தைத்து உள்ளே வைப்பார்கள்.

"நான் சொல்றதை அப்படியேவா வைப்பீங்க? நான் பொய் சொன்னா?"

"அப்ப அவங்களுக்குப் பொய்தான் ஞாபகம் இருக்கும். நீங்க எதை விட்டுடறீங்களோ, அது அவங்களுக்கு நடக்கவே நடக்கல."

ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு பெனிட்டா உட்கார்ந்தாள். ஆடை கட்டும் வரை அதைத் தொடவில்லை. மேலே ஒருத்தி சந்தோஷமாக இருக்கிறாள். நாற்பது வருஷம் காணாத தோழி திரும்பக் கிடைத்திருக்கிறாள். கையெழுத்து ஒன்று போட்டால் போதும், குற்றம் செய்தவளே தீர்ப்பையும் எழுதிக்கொள்ளலாம். யார் கேட்கப் போகிறார்கள்? கேட்க வேண்டியவளுக்கே ஞாபகம் இல்லை. பெனிட்டா ஒன்றும் மகான் இல்லை. பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்து வெளியே வைத்துவிட்டாள் என்பதுதான் உண்மை.

மறுபடி அறைக்குப் போனபோது நஸ்ரின் கொஞ்சம் வாடியிருந்தாள். "ஒண்ணு கேக்கணும்டி. ஃபஹீமாகிட்டகூடச் சொல்லல. பெங்களூர்ல நாம என்ன பண்ணினோம்? யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன். கட்டடத்தை விட்டு வெளியே வர்றேன், கையில கடிதம் இருக்கு, அதுக்கப்புறம் ஒரு இடத்துல நிக்கிறேன். சுவரும் இல்ல, தெருவும் இல்ல, எந்தப் பக்கமும் போக வழியே இல்ல. ரெண்டு வருஷம் அப்படியே நிக்கிறேன். என் மூளைதான் சரியா வேலை செய்யலன்னு நினைக்கிறேன். நீ சொல்லேன், நாம எங்க தங்கியிருந்தோம்?"

விளையாட்டு அங்கேதான் முடியும். கடிதத்தோடு வாசலைத் தாண்டினால் 'வாழ்த்துகள்' என்று வந்து நின்றுவிடும். வாசலுக்கு வெளியே ஒரு அறையும் அவர்கள் எழுதவில்லை.

"அது... ஒரு மாடி வீடு," என்றாள் பெனிட்டா. "முன்னாடி ஒரு புங்கமரம் இருக்கும்."

"ஆமா, புங்கமரம்," என்றாள் நஸ்ரின் உடனே. முகம் தெளிந்தது. "கீழ எல்லாம் பூவா உதிர்ந்து கிடக்கும், இல்ல?"

புங்கமரம் இருந்தது உண்மைதான். அதன் கீழ் பெனிட்டா தனியாகத்தான் நடந்தாள். இப்போது ஒரு மரத்தைக் கொடுத்தாயிற்று. நாளைக்கு நஸ்ரின் ஒரு தெருவைக் கேட்பாள், பிறகு ஒரு சமையலறை, ஒரு மழைநாள். ஒவ்வொன்றையும் இட்டுக்கட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவளும் அத்தனையையும் நம்பி வாங்கிக்கொண்டே இருப்பாள். ஒருதரம் அவளிடமிருந்து எடுத்தது போதாதா என்று பெனிட்டாவுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது.

"நஸ்ரின், உனக்கு வச்சிருக்கிற ஞாபகத்துல தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"சொன்னா நீ என்னோட பேச மாட்டே."

"பேசாம போற அளவுக்கு நீ என்ன பண்ணியிருக்கப் போறே?" என்று நஸ்ரின் சிரித்தாள். பெனிட்டா சிரிக்கவில்லை. நஸ்ரினின் சிரிப்பும் மெல்ல அடங்கியது.

"இது யாரோ தச்சுக் குடுத்த சட்டை மாதிரிதான் இருக்குடி. நல்லாத்தான் இருக்கு, ஆனா கையைத் தூக்கினா எங்கேயோ இழுக்குது," என்றாள். "என்னோடது எதுவோ அதைக் குடுக்கச் சொல்லு. கிழிசலா இருந்தாலும் பரவால்ல."

மறுநாள் காலை ஒரு சின்ன அறையில் பெனிட்டாவை உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு விளக்கு, ஒரு ஒலிவாங்கி. எழில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பெனிட்டா ஜெராக்ஸ் கடையிலிருந்து தொடங்கினாள்.

இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நஸ்ரின் அடிப்பாள், பெனிட்டா சொல்வாள். பெனிட்டாவுக்கு எழுத்துப்பிழை ஜாஸ்தி என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. மின்விசிறி ஒன்று, அது சார் பக்கம் மட்டும் திரும்பும். மதியம் கரண்டு போனால் மொட்டை மாடிக்குப் போய், மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு ஒரு பட்டர் பன்னைப் பிய்த்துத் தின்பார்கள். நஸ்ரின் பெரிய பாதியை எடுத்துக்கொண்டு, சின்னப் பாதியை நீட்டி, "பெருசு உனக்கு" என்று கூசாமல் சொல்வாள். அடித்த நிரலை முதல்முதலாக ஓட்டிய நாள், 'வடக்கே போ' என்றதும் நிஜமாகவே படிக்கட்டு வந்ததைப் பார்த்து இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். ஏதோ கட்டடத்தையே அவர்கள் கையால் கட்டி எழுப்பிய மாதிரி. ஒரே பேருந்தில் ஏறுவார்கள், நஸ்ரின் பாலக்கரையில் இறங்கி, பேருந்து கண்ணை விட்டு மறையும் வரை அங்கேயே நிற்பாள். பெனிட்டா இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவளுக்கே இனித்தது. அந்த நாட்களைப் பற்றி அவளும் இத்தனை வருஷமாக யாரிடமும் பேசியதில்லை. பேசினால் கடைசி நாளையும் பேச வேண்டியிருக்கும்.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்தக் கடைசி நாள் வந்தே விட்டது.

"கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்றாள் எழில்.

"வேண்டாம். நிறுத்தினா அப்புறம் சொல்ல மாட்டேன்."

சொன்னாள். நஸ்ரினின் அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நஸ்ரின் ஒன்பது நாள் அங்கேயே இருந்தாள். அந்த நாட்களில்தான் பெங்களூர் கம்பெனிக்காரர்கள் சென்டருக்கு வந்தார்கள், மாணவர்கள் எழுதியதைப் பார்த்து ஆள் எடுக்க. ஒரு நிரலுக்கு ஒரு பெயர்தான் இருக்கலாம் என்றார்கள். பெனிட்டா ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, முதல் வரியிலிருந்த இரண்டு பெயர்களில் ஒன்றை அழித்தாள்.

"அதோட போகல," என்றாள் பெனிட்டா. "வந்தவர் ஓட்டிப் பாத்தார். பை ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கே, இது தப்பா, வேணும்னே வச்சதான்னு கேட்டார். நான் சொன்னேன், ஒருத்திக்குக் கிடைச்சா இன்னொருத்திக்குக் கிடைச்ச மாதிரிதானே சார்னு. அவர் சிரிச்சார். இப்படி யோசிக்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும்னார். அந்தப் பதிலுக்குத்தான் எனக்கு வேலை குடுத்தாங்க. அது நஸ்ரின் சொன்னது. அவ பேரை எடுத்துட்டு அவ வாயில வந்ததையும் எடுத்து என்னோடதாச் சொன்னேன். அவ சார்கிட்டேர்ந்து தெரிஞ்சுக்கிட்டா. ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல எதிர்ல வந்தா. என்னைப் பாத்துட்டு, யாரோ மாதிரி தாண்டிப் போயிட்டா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் பெங்களூர் போயிட்டேன். அவ எப்படி இருந்தா, என்ன பண்ணினா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க முயற்சியும் பண்ணல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழில் விளக்கை அணைத்தாள்.

பழையதை எடுத்துப் புதியதை வைக்க ஒரு முழு நாள் பிடித்தது. அடுத்த காலை பெனிட்டா அறைக்குள் நுழைந்தபோது நஸ்ரின் விழித்திருந்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததுமே பெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பார்த்த அதே பார்வை.

"இவளை வெளிய போகச் சொல்லு," என்றாள் நஸ்ரின் மகளிடம்.

ஃபஹீமா வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவள் கண் சிவந்திருந்தது. "ஆன்ட்டி, ரெண்டு மாசமா அழுதுக்கிட்டிருந்தவங்க ஒரு வாரமாத்தான் சிரிச்சாங்க. நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ல? இந்த வயசுல உண்மையை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணப் போறாங்க?"

அந்தப் பெண் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று நினைத்த பெனிட்டா, வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாட்சிக் கையெழுத்தும் பாக்கி இருந்தது.

மதியச் சாப்பாட்டு வண்டி போன பிறகு எழில் வந்து கூப்பிட்டாள். "உள்ள வாங்க. உங்களைத்தான் கேக்கிறாங்க."

நஸ்ரின் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். திரும்பவில்லை.

"நீ போன அன்னைக்கு நான் ஜங்ஷனுக்கு வந்தேன்," என்றாள்.

பெனிட்டா எழிலைப் பார்த்தாள். எழில் உதட்டின் மேல் விரல் வைத்தாள்.

"திட்டத்தான் வந்தேன். பாலக்கரையிலேர்ந்து வழியெல்லாம் என்னென்ன சொல்லணும்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்தேன். எங்கம்மாவுக்கு நம்ம சண்டை தெரியாது. பெனிட்டா ஊருக்குப் போறாளாமேன்னு நெய்ச்சோறு கட்டிக் குடுத்துட்டாங்க. அதையும் தூக்கிக்கிட்டு வந்தேன்."

"நான் உன்னைப் பாக்கவே இல்லியே."

"மேம்பாலத்துலயே நின்னுட்டேன். நீ ஜன்னலோரம் உக்காந்து, துப்பட்டாவை வாயில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தே. அழறவளை எப்படித் திட்டறது? சரி, அழுது முடிக்கட்டும்னு நின்னேன். நீ முடிக்கிறதுக்குள்ள வண்டி போயிடுச்சு."

எழில் பெனிட்டாவின் காதருகே வந்தாள். "இது அந்த விளையாட்டுல இல்ல. நேத்து நீங்க சொன்னதுலயும் இல்ல. முழுக்கத் தேடிப் பாத்துட்டேன். இது அவங்களோடது, மேடம். நீங்க வச்சது உண்மையா இருந்ததால, பக்கத்துல அடைஞ்சு கிடந்தது தானா எழுந்து வந்திருக்கு."

ரயிலில் அழுததைப் பெனிட்டா யாரிடமும் சொன்னதில்லை. மெஷினிடமும் சொல்லவில்லை. தன் அழுகையைச் சொல்லி அனுதாபம் வாங்கக் கூடாது என்று அதை மட்டும் விட்டிருந்தாள். அதை ஒருத்தி மேலே நின்று பார்த்திருக்கிறாள், நெய்ச்சோற்றுப் பொட்டலத்தோடு. நாற்பது வருஷமாக இது தெரியாமல் வாழ்ந்திருக்கிறோமே என்று நினைத்தபோது பெனிட்டா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சோறு?"

"நானேதான் தின்னேன். அந்த ப்ளாட்பாரத்துலயே உக்காந்து. அவிச்ச முட்டை ரெண்டு வச்சிருந்தாங்க. ரெண்டையும் தின்னேன்."

பெனிட்டா சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை முந்திக்கொண்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்து, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மனப்பாடம் பண்ணினியே, அது ஞாபகம் வருதா?"

"ஒரு வரி விடாம."

"அப்பச் சொல்லு. இப்ப நான் எங்கயும் போகல."

நஸ்ரின் மெதுவாகத் திரும்பினாள். வலது கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. பெனிட்டா முதுகுக்குத் தலையணை வைத்தாள். அதற்கு நன்றியெல்லாம் சொல்லாமல், தண்ணீர் ஒரு வாய் குடித்து, தொண்டையைச் செருமி, நஸ்ரின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.